ஐப்பசி மழையும் கொல்லைக் காய்கறியும்

பத்து ஏக்கர் நன்செய் உடைய கிருஷிகர் ஒருவர் ஐப்பசி அடைமழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வாடிய கத்தரிக்காய்க்காகச் சந்தைக்குச் செல்லும் காட்சி நம் கிராமங்களில் அபூர்வமன்று. நெல் விற்பவர் காய்கறி வாங்குவதில் இழிவென்ன என்று சிலர் வினவுவர். இது இழிவைப் பற்றிய பேச்சன்று. வடகிழக்குப் பருவமழையில் தோட்டக்கால்களில் ஜலம் தேங்கிச் செடிகள் அழுகுகின்றன, பாதை கெட்டுச் சரக்கு வரத்துக் குறைகின்றது, விலை ஏறுகின்றது. அப்போது வீட்டில் முதலில் குறைக்கப்படுவது காய்கறியே. குழந்தைகள் வெறும் சோறும் புளிக்குழம்புமாகக் காலங் கழிக்கின்றனர். உணவு விளைவிப்பவர் வீட்டில் ஆகாரக் குறை நேரலாமா?

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு இது மாதம் 60 கிலோவாகும். இதை முழுதும் விலைக்கு வாங்கும் வீடுகள் மிகச் சிலவே. வீட்டின் பின்புறம் 5 சென்ட் கொல்லையும், கிணற்றடி ஜலமும், மக்கிய குப்பையும் உள்ளவருக்கோ இதில் பெரும்பகுதி சொற்பச் செலவில் கிட்டும். என்ன மருந்து எப்போது தெளித்தோம் என்பதும் நமக்கே தெரிந்திருக்கும்.

ஆடிப்பட்டம் என்றால் நம்மவருக்கு நிலக்கடலையும் சோளமும் நினைவுக்கு வருமேயன்றிப் புடலை நினைவுக்கு வருவதில்லை. ஆடியில் ஊன்றிய புடல், பீர்க்கு, பாகல் முதலியன புரட்டாசி முதற்கொண்டு காய்க்கும். ஆவணியில் விதைத்த வெண்டை சுமார் 45 நாட்களில் பறிப்புக்கு வரும். பந்தல் அவரை மாத்திரம் அவசரப்படாது. அதன் பழைய நாட்டு ரகங்கள் பகற்பொழுது குறுகினாலன்றிப் பூப்பதில்லை. ஆதலின் கார்த்திகை, மார்கழியிலேதான் கை நிறையக் கொடுக்கும். இதை உணராது, மலட்டுக் கொடியென்று பிடுங்கி எறிந்தோரும் உளர்! மழைக்காலத்திற்கு ஒரு சாண் உயர்ந்த மேட்டுப்பாத்திகள் அவசியம். முள்ளங்கியும் கீரையும் தாழ்ந்த பாத்தியில் நில்லா.

கொல்லை போடாததற்கு எங்கும் கூறப்படும் காரணம் ஆடுமாடுகளே. இது மெய்யான குறைதான். வேலி தாண்டிய கால்நடைக்குப் பட்டி உண்டென்ற அச்சம் ஊரில் நிலைத்திருக்குமாறு செய்வது கிராம அதிகாரிகளின் பொறுப்பு. விதைப் பொட்டலங்கள் வழங்குவதினும் அதுவே பெரிய உபகாரமென்பது என் அபிப்பிராயம்.

மிகுந்த காயை என் செய்வது? ஐப்பசியில் வற்றலிட வெயில் ஏது? அரைகுறையாய் உலர்ந்தது பூசணம் பிடித்துக் குப்பைக்கே போகும். இப்பருவத்திற்கு உகந்தது உப்புநீரில் புளிக்கவைத்தலே. சித்திரை வெக்கையில் விரைவில் மிகப் புளித்துக் காய் குழைந்துவிடும். குளிர்ந்த மாதங்களில் புளிப்பு மெல்ல ஏறுவதால் காய் நறுக்கென்று கடிபடும். கொதித்து ஆறிய ஜலம் 1 லிட்டருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, பீங்கான் ஜாடியில் இட்ட பிஞ்சு வெள்ளரி, முள்ளங்கி, பச்சை மிளகாய், நெல்லிக்காய் ஆகியவற்றின்மேல் ஊற்றுக. காய் மிதவாதபடி, கழுவிக் காய்ச்சிய கல்லொன்றைப் பாரமாக வைக்க வேண்டும். இதில் தவறினால் யாவும் கெடும். ஜாடியை இறுக மூடாது விடுக. சில நாட்களில் நீர் கலங்கிக் குமிழி எழும். ஒரு வாரம் பத்து நாளில் புளிப்புச் சேரும்.

இதன் தத்துவம் எளிது. லாக்டிக் அமிலப் புளிப்பு நுண்ணுயிர்களின் செயலென்று லூயி பாஸ்டர் 1857-இல் விளக்கினார். அவ்வுயிர்கள் காயின் தோலிலேயே உள்ளன. உப்பும் காற்றின்மையும் அவற்றிற்கு இடங்கொடுத்து, அழுகச் செய்வனவற்றைத் தடுக்கின்றன. நம் இட்லி மாவைப் பொங்கச் செய்வனவும் அவ்வினத்தையே சேர்ந்தவை. தென் கொரியாவில் குளிருக்கு முன்னர் பலர் கூடிக் கோசையும் முள்ளங்கியையும் புளிக்கவைக்கும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. நாமோ நம் நீராகாரத்தையே ஏழை உணவென்று ஒதுக்கினோம்!

பித்தளை, செம்புப் பாத்திரங்கள் இதற்கு ஆகா. பூசணம் படர்ந்தாலும் துர்நாற்றம் வீசினாலும் ஜாடி முழுவதையும் கொட்டிவிடுக, சிக்கனம் பார்க்கலாகாது. இரத்த அழுத்தமுடையோர் ஓரிரு துண்டுகளோடு நிறுத்திக்கொள்வது நலம். நன்றாய்ப் புளித்த ஊறல் ஜலத்தை மட்டும் வீணாக்க வேண்டாம். ரசத்திற்குப் புளிக்குப் பதிலாகச் சேர்க்கலாம்; வேறு உப்பிடுமுன் ருசி பார்த்துக்கொள்க.