அந்தப் பின்னைப் பிள்ளையே நீட்டட்டும்

டிஸ்னி பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகப் பல மாதங்களுக்கு முன்பே பணம் சேர்க்கத் தொடங்குகிறீர்கள். டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு என்று டாலர்களை எண்ணிப் பார்க்காமல் கொடுக்கிறீர்கள். டிஸ்னி உருவம் பொறித்த, குத்திக்கொள்ளும் சின்ன உலோகப் பின்களை அங்கே மாற்றிக்கொள்ளும் விளையாட்டு என்று வந்தால் மட்டும் ஏன் கை இப்படிச் சுருங்குகிறது? 50, 100 என்று மொத்தமாக ஒரு பை பின்னை இணையத்தில் அள்ளி வாங்கி, பிள்ளையின் கழுத்து நாடாவில் குத்தி அனுப்புகிறீர்களே, அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

போலிதான் இருக்கிறது. பூங்காக் கடையில் ஒரு பின் 10 டாலருக்கு மேல் விற்கிறது. அதுவே புத்தம் புதிதாக, நூற்றுக்கணக்கில், ஒரு டாலருக்கும் குறைவாக எப்படி வரும்? இது தெரியாமல் நடக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “பின் போனால் போகிறது, மாற்றத்தானே” என்று தெரிந்தே சொல்பவர்களையும் பார்க்கிறேன். செல்லாக்காசை உண்டியலில் போட்டுவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள், எங்கே வலிக்கும் என்பது புரியும். புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், 2000-ஆம் ஆண்டை வரவேற்ற கொண்டாட்டத்தின்போது, 1999-இல் தொடங்கியது இது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னி பூங்காவுக்கும் போனது. பூங்கா ஊழியர்களை அங்கே ‘காஸ்ட் மெம்பர்’ என்பார்கள். அவர்களில் பலர் கழுத்து நாடாவில் பின்களை மாட்டியிருப்பார்கள். சில கடைகளில் பலகையிலும் குத்தி வைத்திருப்பார்கள். பிள்ளை தன் பின் ஒன்றைக் கொடுத்து, அங்கிருந்து பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்று. ஒரு காஸ்ட் மெம்பரிடம் ஒரு நாளில் 2 பின் வரைதான். காசு கை மாறக் கூடாது. கொடுப்பது உலோகப் பின்னாக, பின்பக்கம் டிஸ்னியின் உரிமைக்குறி உள்ளதாக இருக்க வேண்டும். அந்த நாடாவில் ஏற்கெனவே தொங்கும் அதே பின்னை இன்னொரு தடவை கொடுக்க முடியாது.

விதிக்கு உட்பட்ட பின்னை நீட்டினால் காஸ்ட் மெம்பர் மறுக்க மாட்டார். அதுதான் இந்த விளையாட்டின் அழகு. நீங்கள் உடைப்பதும் அதைத்தான். போலியிலும் உரிமைக்குறியைப் பொறித்தே விற்கிறார்கள். வரிசையில் இருபது பிள்ளைகள் நிற்கும்போது அவர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிச் சோதிக்க முடியுமா? வாங்கிக் குத்திக்கொள்கிறார். அடுத்து வரும் பிள்ளை, தன் சேமிப்பில் கடையில் வாங்கிய அசல் பின்னைக் கழற்றிக் கொடுத்து, உங்கள் போலியை ஆசையோடு எடுத்துப் போகிறது. நீங்கள் மிச்சம் பிடித்த காசு டிஸ்னியின் காசு அல்ல, அந்தப் பிள்ளையின் காசு. நாளை அதே பலகைமுன் உங்கள் பிள்ளையும் நிற்கும்.

போலியை அடையாளம் காணக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். எனாமல் நிறம் மங்கியிருக்கும், அல்லது குழிகுழியாக, முழுதாக நிரம்பாமல் இருக்கும். விளிம்பில் விரலை ஓட்டினால் சொரசொரக்கும். எடை குறைவாகத் தோன்றும். ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடையில் வாங்கிய ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். ‘ஹிடன் மிக்கி’ என்ற வகையில் கூடுதல் கவனம் வேண்டும். முன்பக்கத்தில் எங்கோ ஒரு சின்ன மிக்கி தலை ஒளிந்திருக்கும் பின் அது. காஸ்ட் மெம்பரிடம் மாற்றிப் பெறுவதற்கென்றே செய்யப்பட்டது. பிள்ளைகள் தேடி அலைவதும் அதைத்தான், போலியாக வந்து குவிவதும் அதுதான்.

தொடங்குவதற்கு ஒரு பை பின் தேவையே இல்லை. கழுத்து நாடாவோடு நாலைந்து பின் சேர்த்து விற்கும் தொகுப்பு பூங்காக் கடையிலேயே கிடைக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ‘மிஸ்டரி’ பாக்கெட் ஒன்றும் வாங்கினால், ஒன்றே இரண்டாக வந்தது, பிடிக்காதது எல்லாம் மாற்றுவதற்கு ஆகும். ஐந்து பின்னோடு போகும் பிள்ளை, எதைக் கொடுப்பது எதை வைத்துக்கொள்வது என்று நின்று யோசிக்கும். ஐம்பதோடு போகும் பிள்ளைக்கு அந்த யோசனையே வராது. மனசுக்கு நெருக்கமானதை ஹோட்டல் அறையிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். பின்னின் பின்பக்கம் மாட்டும் மிக்கி வடிவ ரப்பர் ஓடியாடும்போது எளிதில் கழன்று, பின் தொலைந்துவிடும். கைக்குழந்தை உடன் இருந்தால், ஊசிமுனை உள்ள இந்தப் பொருளை அதன் கைக்கு எட்டவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காஸ்ட் மெம்பர் குனிந்து, “உனக்கு எது வேணும்?” என்று பிள்ளையைத்தான் கேட்கிறார். நீங்கள் ஏன் பதில் சொல்கிறீர்கள்? போனைத் திறந்து விலை பார்த்து, “அது வேண்டாம், இது லிமிடெட் எடிஷன், இதை எடு” என்று ஏன் தோளைத் தட்டுகிறீர்கள்? பிள்ளைக்கு வேண்டியது கண் சிமிட்டும் ஸ்டிச் உருவப் பின். உங்களுக்கு வேண்டியது மறுவிற்பனை விலை. வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம்கூட வாய் திறக்காத ஆறு வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், “உங்க பின்னைப் பார்க்கலாமா?” என்று தானே கேட்கிறது. அடுத்தவர் நாடாவைத் தொடாமல் விரலால் காட்டுகிறது, ரப்பரை மாட்டித் தன் பின்னை நீட்டுகிறது, நன்றி சொல்கிறது. அந்த வாய்ப்பைப் பிடுங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

நெருங்கி நிற்க வேண்டிய இடம் வேறு. பெரிய பைகளில் பின் அடுக்கிக்கொண்டு வரும் வயதுவந்த சேகரிப்பாளர்கள் சிலர் பிள்ளைகளிடம் மாற்றக் கேட்பார்கள். பெரும்பாலோர் நல்லவர்கள், பிள்ளைக்குப் பிடித்ததைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு அருமை தெரியாத ஒன்றை நைசாகத் தட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது பக்கத்தில் இருங்கள். காஸ்ட் மெம்பர்தான் மறுக்கக் கூடாது, தான் இவர்களிடம் “வேண்டாம்” என்று சொல்லலாம் என்பதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

போலிப் பை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? அது போலி என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பயணப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.