ஒன்பதாவது இன்னிங்ஸ் யாருக்கு?

"நமக்கும் பேஸ்பாலுக்கும் என்ன தொடர்பு?" இவ்விதழுக்கு இப்படியொரு கட்டுரை தரப்போகிறேன் என்றதும் ஆசிரியர் குழுவிலுள்ள நண்பர் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். தமிழ்ப்பள்ளியில் பயின்ற ஆறாண்டுகளும் காற்பந்து, பூப்பந்து தவிர வேறெதையும் அறியாதவன் நான். தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்த பிறகுதான் சாஃப்ட்பால் என்றொரு விளையாட்டு இருப்பதே தெரிந்தது. புறப்பாட நடவடிக்கைக்காக வேண்டாவெறுப்பாகப் பெயர் கொடுத்தவன், அதிலேயே ஊறிப்போனேன். சாஃப்ட்பாலின் அண்ணன்தான் அமெரிக்காவின் பேஸ்பால். ஒன்பது ஆண்டுகளாக அதை விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் நமக்கு அது காலை விரிவுரை நேரம் என்பதை மட்டும் விரிவுரையாளர்கள் படிக்காமல் கடந்துவிடுவார்களாக.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். ஆக, ஓர் ஆட்டத்தை முடிக்க எதிரணியில் 27 முறை ஆட்டமிழப்பு நிகழ வேண்டும். கிரிக்கெட்டைப் போல ஓவருக்கு ஓவர் இங்கே ஆள் மாறுவதில்லை. எறியத் தொடங்கியவர், மேலாளர் அவரை மாற்றும் வரையில் எறிந்துகொண்டே இருப்பார். மாற்றப்பட்டுவிட்டால் அன்றைக்கு அவர் மறுபடி எறிய வர முடியாது. ஒரு காலத்தில் தொடங்கியவரே முடித்தார். இன்று தொடங்குபவர் ஐந்தாறு இன்னிங்ஸோடு விடைபெறுகிறார். அவருக்குப் பின் மூன்று நான்கு பேர் வரிசையாக வந்து, ஆளுக்கோர் இன்னிங்ஸ் முழு வேகத்தில் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

என் மனக்குறை இதுதான். எறிவாளரிடமிருந்து ஒன்பதாவது இன்னிங்ஸைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு வேகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது அவருடைய முழங்கை.

மாற்றமே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாறாமல் இருந்திருந்தால் இன்றைய பேஸ்பாலே இல்லை. தொடக்க காலத்தில் எறிவாளர், சாஃப்ட்பாலில் நாம் வீசுவதைப் போலவே, கையைத் தாழ்த்தித்தான் பந்தை வீச வேண்டும். அதுமட்டுமா? பந்து உயரமாக வர வேண்டுமா, தாழ்வாக வர வேண்டுமா என்று மட்டையாளர் கேட்டு வாங்கும் வழக்கம் 1887இல்தான் நீக்கப்பட்டது. மாமாக் கடையில் உட்கார்ந்து 'தே ஓ கோசோங்' என்று கேட்பதைப் போல! கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி எறிய 1884இல்தான் நேஷனல் லீக் இடம் கொடுத்தது. எறிவாளருக்கும் மட்டையாளருக்கும் இடையிலான தூரம் இன்றுள்ள 60 அடி 6 அங்குலமாக 1893இல் ஆனது. அன்று பரிமாறும் வேலை பார்த்தவர், ஆட்டத்தின் நாயகராக வளர்ந்த கதை இது.

அந்த வளர்ச்சியின் உச்சம் 1968 என்பேன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன் அந்த ஆண்டு 34 ஆட்டங்களைத் தொடங்கி, 28 ஆட்டங்களைத் தானே முடித்தார். அவற்றுள் 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கிடைக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.12. மட்டையாளர்கள் திணறிப்போனார்கள், அமெரிக்கன் லீக்கில் அவ்வாண்டு.301 சராசரி எடுத்தவரே முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டே நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? எறிவாளர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டியது. எறிவாளர்கள் மிஞ்சிவிட்டார்கள் என்பதற்காக மண்ணையே வெட்டினார்கள்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேட்டைக் குறைத்த பிறகும் தொடங்கியவர் முடிக்கும் வழக்கம் உடனே போய்விடவில்லை. 1975இல் கேட்ஃபிஷ் ஹன்ட்டர் 30 ஆட்டங்களை முடித்தார். 1986இல் ஃபெர்னாண்டோ வலன்சுவேலா 20 ஆட்டங்களை முடித்தார். அதன் பிறகு ஒரே பருவத்தில் இருபதை எட்டியவர் எவருமில்லை. 2024ஆம் ஆண்டில் 30 அணிகளும் சேர்ந்து ஆடிய பருவம் முழுவதிலும் இத்தகைய ஆட்டங்கள் முப்பதைத் தொடவில்லை. கிப்சன் ஒருவர் செய்ததை இன்று ஒரு நாட்டின் அத்தனை எறிவாளர்களும் கூடிச் செய்கிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? புள்ளிவிவரம் படித்தவர்களின் வாதம் எளிமையானது. ஒரே எறிவாளரை ஒரே நாளில் மூன்றாம் முறை சந்திக்கும் மட்டையாளர், முதன்முறை சந்தித்ததைவிட நன்றாக அடிக்கிறார். பந்து எப்படி வரும் என்பது அவருக்குப் பழகிவிடுகிறது; எறிவாளரும் களைத்துவிடுகிறார். எனவே மூன்றாம் சந்திப்புக்கு முன்பே ஆளை மாற்று. இந்தக் கணக்கு தவறன்று. பல்லாயிரம் ஆட்டங்களின் சராசரியாக அது உண்மைதான். ஆனால் சராசரிக்கு இன்றைய ஆட்டம் தெரியாது. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் தம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே எறிந்திருந்தார். ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அணி 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் இரண்டாவது ஹிட்டைக் கொடுத்ததும் மேலாளர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அடுத்து வந்தவர் அடி வாங்கினார். டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கிச் சென்றது. பதிவில்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். முடிவு தெரிந்திருந்தும், மேலாளர் எழுந்து வரும் காட்சியில் 'வராதே' என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

சரி, ஓர் ஆட்டம் போனால் போகட்டும். என் கவலை வேறு. ஐந்து இன்னிங்ஸ்தான் எறியப்போகிறோம் என்று தெரிந்தவர் எதற்காகத் தெம்பைச் சேமித்து வைக்க வேண்டும்? ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து எறிகிறார். விரைவில் களைக்கிறார். களைத்துவிட்டாரே என்று மேலாளர் இன்னும் சீக்கிரமாக மாற்றுகிறார். அடுத்த தலைமுறை இதைப் பார்த்து இன்னும் கடுமையாக எறியப் பழகுகிறது. 2008இல் மணிக்குச் சுமார் 147 கிலோமீட்டராக இருந்த வேகப்பந்தின் சராசரி வேகம், 2024இல் சுமார் 152 கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். பந்து மட்டையாளரை அடைய ஆகும் நேரமே ஏறக்குறைய 0.4 விநாடி. 2018இல் பேஸ்பால் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு பருவத்தின் ஹிட்களைவிட ஸ்ட்ரைக் அவுட்கள் அதிகமாயின. பார்ப்பவருக்கும் அலுப்பு. ஓடுவார் இல்லை, துரத்துவார் இல்லை. நடுக்களத்தில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

முழங்கைக்கு வருவோம். முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் ஒரு சிறிய இணைப்புநார் உண்டு. பந்து கையைவிட்டுப் பறக்கும் முன் அதன் மேல் விழும் இழுவிசை மிகப் பெரிது. தசையைப் பயிற்சியால் பெருக்கிவிடலாம். அந்த நாரை அதே அளவுக்கு வலுப்படுத்த முடிவதில்லை. அது அறுந்தால் முன்பெல்லாம் எறிவாளரின் தொழில் அதோடு முடிந்தது. 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாம்மி ஜான் என்னும் இடக்கை எறிவாளரின் வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். மீண்டும் எறிவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் என்று கருதப்பட்ட அந்த மனிதர், 1976இல் களத்துக்குத் திரும்பி, 1989 வரை ஆடி, மேலும் 164 ஆட்டங்களை வென்றார். அறுவை சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மருத்துவத்தின் மகத்தான வெற்றி அது, மறுப்பதற்கில்லை. ஆனால் விபத்துக்கு மருந்தாக வந்தது, இன்று பயணச் செலவில் ஒன்றாகிவிட்டது. ஜேக்கப் டிகிராம் வயது ஏற ஏற வேகம் கூடியவர். 2021இல் அவருடைய வேகப்பந்தின் சராசரி மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். 2023இல் அவருக்கு இரண்டாம் முறையாக இந்தச் சிகிச்சை. ஷோஹெய் ஒஹ்தானிக்கும் 2018இல் ஒருமுறை, 2023இல் மறுமுறை முழங்கையில் அறுவை சிகிச்சை. 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே எறிவாளர் காயங்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வேகத்தைத் துரத்துவதும், ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு எறிவதும், பந்தின் சுழற்சியை மிகைப்படுத்தும் பயிற்சியும் முக்கியக் காரணங்கள் என்று அது சொல்கிறது. அதில் என்னை உறுத்தியது, இந்தப் பழக்கம் பள்ளிப் பிள்ளைகள் வரை இறங்கிவிட்டது என்ற செய்திதான். வேகமானியில் எண் ஏறினால்தான் தேர்வாளர்களின் கண் படும். பதினாறு வயதுப் பையன் வேறென்ன செய்வான்?

'அந்தக் காலம்தான் பொற்காலம்' என்று பேசும் பழைய ரசிகர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நோலன் ரயன் 1974 ஜூன் 14 அன்று 13 இன்னிங்ஸில் 235 பந்துகள் எறிந்தார், 46 வயது வரை ஆடினார் என்று மேற்கோள் காட்டுவார்கள். உண்மை. ஆனால் தப்பிப் பிழைத்த ஒருவரைக் காட்டி எல்லாரும் நலமாக இருந்தார்கள் என்று சொல்லலாமா? சாண்டி கோஃபக்ஸ் 1966இல் 27 ஆட்டங்களை வென்று, 27 ஆட்டங்களை முடித்துவிட்டு, முழங்கை மூட்டு நோயால் 30 வயதில் ஓய்வு பெற்றார். மார்க் ஃபிட்ரிச் 1976இல், தம் 21ஆம் வயதில், 24 ஆட்டங்களை முடித்தார். மறு ஆண்டே கை போயிற்று. அன்று பிழிந்தெடுத்தார்கள், இன்று எரித்துவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு முறை சை யங் விருது பெற்ற கிரெக் மேடக்ஸ், வேகத்துக்குப் பெயர் போனவரே அல்லர். பந்தை எங்கே வைப்பது, மட்டையாளர் எதை எதிர்பார்க்கிறார் என்பதில்தான் அவர் மன்னர். 1997இல் ஓர் ஆட்டம் முழுவதையும் எண்பதுக்கும் குறைவான பந்துகளில் முடித்தார். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆசைப்படாமல் அடிக்கவிட்டுப் பிடிக்கும் எறிவாளருக்கு ஒன்பதாவது இன்னிங்ஸ் தூரமில்லை.

அந்தக் கலை செத்துவிட்டதென்றே நினைத்திருந்தேன். 2025 உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் அணியின் யோஷினோபு யமமோத்தோ இரண்டாவது ஆட்டத்தை 105 பந்துகளில் தனியாளாக முடித்தார். உலகத் தொடரில் அப்படியொன்று நிகழ்ந்து பத்தாண்டு ஆகியிருந்தது. ஆள் 5 அடி 10 அங்குலம்தான்; எடை தூக்கி உடம்பை முறுக்கேற்றுபவரும் அல்லர். ஈட்டி எறிந்து பயிற்சி செய்கிறார். அவர் வளர்ந்த ஜப்பானிய லீக்கில் தொடக்க எறிவாளருக்கு வாரத்தில் ஒரே ஆட்டம். அமெரிக்காவிலோ ஐந்தாறு நாளுக்கு ஒன்று. ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் எறிந்த அவரையே மறுநாள் ஏழாவது ஆட்டத்தின் இறுதியிலும் இறக்கினார்கள். நமக்கு அது நவம்பர் 2, ஞாயிறு காலை. பதினொரு இன்னிங்ஸ் வரை நீண்டு, 5-4 என்று ஆட்டம் முடிந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. அவர் எறிந்த அந்த 34 பந்துகளையும் வியப்போடு பார்த்தேன், பயத்தோடும்தான். அந்தக் கடைசி நாள் வேலையை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நான் கொண்டாடுவது அந்த 105 பந்துகளை.

இனி, வெட்டப்பட்ட அந்த மேட்டுக்கு வருகிறேன். எறிவாளரின் கை ஓங்கியபோது விதியை மாற்றத் துணிந்தவர்கள், அவருடைய கை அறுந்துகொண்டிருக்கும்போது ஏன் மாற்றக்கூடாது? மாற்றினால் பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2023இல் எறிவதற்கு நேரக்கெடு விதித்தார்கள்; சராசரி ஆட்ட நேரம் மூன்று மணி நான்கு நிமிடத்திலிருந்து இரண்டு மணி நாற்பது நிமிடமாகக் குறைந்தது.

நான் ஆதரிக்கும் விதி ஒன்று உண்டு. இன்று எறிவாளர் மட்டை பிடிப்பதில்லை. அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அமெரிக்கன் லீக்கில் 1973இல் வந்த இவ்வழக்கம், 2022 முதல் இரு லீக்குகளுக்கும் பொதுவாயிற்று. தொடக்க எறிவாளரை வெளியே எடுத்தால், அந்தப் பதிலடிப்பாளரையும் சேர்த்து இழக்க வேண்டும் என்று விதித்தால் என்ன? 2021இல் அட்லாண்டிக் லீக்கில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மேலாளருக்கு அப்போது ஒரு விலை இருக்கும். ஏழெட்டு இன்னிங்ஸ் தாங்கக்கூடியவரைத் தேடுவார்கள். தாங்க வேண்டுமானால் எல்லாப் பந்தையும் முழு வலுவோடு எறிய முடியாது. வேகத்தைக் குறை என்று எந்த விதியாலும் கட்டளையிட முடியாது; குறைப்பவருக்கு வேலை கிடைக்கும்படி செய்ய முடியும். நல்ல மட்டையாளர்களின் வாய்ப்பு குறையுமே என்று அவர்களின் சங்கம் எதிர்க்கும். எதிர்க்கட்டும்.

2022 ஏப்ரல் 13 அன்று மினியாபோலிஸில் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸில் 80 பந்துகள் எறிந்திருந்தார். எதிரணியில் ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடவில்லை. இன்னும் ஆறு பேரை வீழ்த்தினால், அதுவரை 23 பேரே செய்திருந்த சாதனை. குளிர், பருவத்தின் தொடக்கம், பயிற்சி நாளும் குறைவு. மேலாளர் மாற்றினார், கெர்ஷாவும் அம்முடிவை ஏற்றுக்கொண்டார். நான் சொல்லும் விதி அன்று இருந்திருந்தால், மாற்றுவதற்கு ஒரு நல்ல மட்டையாளரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டியிருக்கும். அப்போதும் அந்த மேலாளர் எழுந்து வந்திருப்பாரா என்பதைப் பார்க்க எனக்கு ஆசை.