கண் போவது தலைவிதியா?

வயதானவர்களுக்குப் பார்வை போய்விட்டால், “தலையெழுத்து, யார் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லிவிடுவது நம் மக்களுக்கு வழக்கமாயிருக்கிறது. சிலர் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். வேறு சிலர், “புரைதான், முற்றட்டும், பிறகு ஆப்பரேஷன் செய்துகொள்ளலாம்” என்று இருந்துவிடுகிறார்கள். வந்திருப்பது கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயாயிருந்தால், இந்தக் காத்திருத்தலே கண்ணைக் குருடாக்கிவிடும் என்பதை நாம் வற்புறுத்திச் சொல்லுகிறோம்.

கண்ணுக்குள் சதா ஒரு நீர் ஊறி வடிந்துகொண்டிருக்கிறது. வடியும் வழி கெட்டால் அழுத்தம் ஏறி, மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு கெடுகிறது. சிலருக்கு அழுத்தம் ஏறாமலேயும் நரம்பு கெடுவதுண்டு. பெரும்பாலோருக்கு வலி கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து குறைவதால் வெகு காலம் வரை குறை தெரிவதுமில்லை. புரை மறைத்த பார்வையை மீட்கலாம். இதிலோ போனது போனதுதான். மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம்.

தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையார் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 5,000-க்கு அதிகமான பேரைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது கண்டுபிடிக்கப்படவேயில்லை! இதுவா தலைவிதி? பார்க்கப்படாததல்லவா காரணம்?

வைத்தியமும் புதிதல்ல. சென்னை சர்க்கார் கண் ஆஸ்பத்திரியிலிருந்த எலியட் என்னும் டாக்டர், கண்ணில் சிறு துளையிட்டு நீரை வடியவிடும் ஆப்பரேஷனை 1909-லேயே வெளியிட்டார். இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று பின்னாளில் வாதாடியவரும் இவரே. இன்று சொட்டு மருந்து, லேசர், ஆப்பரேஷன் என மூன்று வழிகள் உள்ளன.

ஆகவே, 40 வயதானவர்களும், இந்நோயாளிகளின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும், ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் உபயோகிப்பவர்களும் கண் டாக்டரிடம் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துவிட்டு வருவது போதாது. மருந்து கொடுத்தால், “குணம் ஒன்றும் தெரியவில்லையே” என்று நிறுத்திவிடக்கூடாது. பார்வை மேலும் குறையாமலிருப்பதே அதன் குணம்.

கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ஏழைகளை நாம் குறை கூறவில்லை. இச்சோதனையைக் கிராமத்துக்கே கொண்டுவருவது சர்க்காரின் கடமை. ஆனால் கண்மலருக்குக் காசு தேடும் குடும்பத்தார், வீட்டுக் கிழவியின் கண்ணைக் காட்ட ஒரு நாள் தேட முடியாதா என்றுதான் கேட்கிறோம்.