"குடியை நிறுத்து" என்று சொல்வதற்கு முன்



போன மாதம் ஒரு சோதனை எழுதினேன். அமெரிக்காவில் டி.எஸ்.எஸ்.டி என்று ஒரு சோதனை முறை இருக்கு. முதலில் இராணுவத்தில் இருப்பவர்களுக்காக வந்தது, இப்ப யாரும் எழுதலாம். வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே படிச்சு 400 புள்ளி எடுத்தால், அதை ஏற்கும் கல்லூரிகளில் மூன்று கிரெடிட் கிடைக்கும். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்கு, ஒரு முழுப் பாடத்துக்குக் காசு கட்டுவதை விட இது எவ்வளவோ மலிவு. நான் எடுத்தது "போதைப்பொருள் துஷ்பிரயோகம்". பெரிய காரணம் ஒன்றும் இல்லை. லேசான பாடம் என்று சொன்னார்கள்.

லேசாகத்தான் இருந்தது, மது பற்றிய அத்தியாயம் வரும் வரைக்கும்.

நீண்ட காலமாக, நாளாந்தம், கூடுதலாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும், நித்திரை வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளளவில் சிலருக்குக் காய்ச்சலும் குழப்பமும் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று அதற்குப் பெயர். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரும் போகலாம்.

இதை வாசிச்சதும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எனக்குப் பதினைந்து வயசாக இருக்கும்போது, என்ர சித்தப்பாவைத் திருத்துவது என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினார்கள். பேர்ஸையும் கார்த் திறப்பையும் பறிச்சு, பேஸ்மென்ட் அறையில் விட்டுப் பூட்டினார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது நான். மூன்றாம் நாள் இரவு, சுவர் முழுக்கப் பூச்சி ஊருது என்று கத்தினார். அப்பம்மா திருநீறு பூசினா. "நடிக்கிறான், திறக்காதேங்கோ" என்றார் அப்பா. அம்புலன்ஸைக் கூப்பிடவும் பயம். சித்தப்பாவின் அகதி வழக்கு அப்ப முடியவில்லை. வலிப்பு வந்த பிறகுதான் 911க்கு அடிச்சோம்.

சித்தப்பா தப்பிவிட்டார். ஆனால் அந்த வீட்டில் கெட்டவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. எல்லாரும் அன்பில்தான் செய்தோம், தெரியாமல் செய்தோம். யாராவது ஒருவருக்கு அந்த நாலு வரி தெரிந்திருந்தால், அவரை முதலிலேயே வைத்தியரிடம் கொண்டுபோயிருப்போம்.

எங்கட வீடுகளில் குடி என்றால் மானப் பிரச்சினை. மனவுறுதி இருந்தால் விடலாம் என்பார்கள். எங்கட கூட்டங்களில் அது முதலாளித்துவத்தின் விளைவு. இரண்டாவது பொய்யில்லை. ஆக்ஸிகான்டினை 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ நிறுவனம், அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டமோ, 5 கிராம் கிராக் விற்ற ஒருவருக்கு, 500 கிராம் கொக்கெய்ன் தூள் விற்றவருக்குரிய அதே ஐந்து வருடக் குறைந்தபட்சச் சிறைக்கு வழி செய்தது. அந்தச் சட்டத்தில் கிராக் வழக்குகளில் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது. இதெல்லாம் நாங்கள் கதைக்க வேண்டிய அரசியல்தான். ஆனால் அமைப்பு மாறும் வரைக்கும் சித்தப்பாவின் மூன்றாம் நாள் இரவு காத்திருக்காது. மனவுறுதி என்பவர்களும் முதலாளித்துவம் என்பவர்களும் சேர்ந்து மறக்கிறது ஒன்றைத்தான்: நடுங்குகிற அந்த உடம்பை.

சொல்லும் முக்கியம். அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைநூல் 2013இலேயே "துஷ்பிரயோகம்" என்ற வகையைக் கைவிட்டு, "பாவனைக் கோளாறு" என்று மாற்றியது. பதினொரு அறிகுறிகளை வைத்து லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று பார்க்கிறார்கள். நாங்கள் இன்னும் "குடிகாரன்" என்ற ஒரே சொல்லில் நிற்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஆட்கள் ஒளிச்சுக் குடிக்கிறார்கள்.

அதனால் ஒரு யோசனை. எங்கட வாசிப்பு வட்டத்தில் அடுத்த நாலு கிழமைக்கு இந்தப் பாடத்தை எடுப்போம். சோதனை எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும், மூன்று கிரெடிட் லாபம். மற்றவர்கள் மூன்று விஷயத்தையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஒன்று: நாளாந்தம் கடுமையாகக் குடிப்பவரை வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தச் சொல்லக்கூடாது. வலிப்போ குழப்பமோ வந்தால் அது நடிப்பில்லை, அவசரம்.

இரண்டு: ஓபியாய்ட் அளவு கூடி மூச்சு நிற்கிறவரை நலோக்சோன் மூக்குத் தெளிப்பு காப்பாற்றலாம். 2023 முதல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அடிச்சுவிட்டு உடனே 911ஐக் கூப்பிட வேண்டும். மதுவுக்கு அது உதவாது.

மூன்று: குடியுரிமை இல்லாதவர்களுக்குப் போதைப்பொருள் வழக்கு என்றால் சிறையோடு முடியாது. 30 கிராம் அல்லது அதற்குக் குறைந்த கஞ்சாவைத் தன் பாவனைக்கு வைத்திருந்த ஒரேயொரு குற்றத்தைத் தவிர, எந்தத் தீர்ப்பும் நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ள முதல் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். இது எங்கட பெடியளுக்குத் தெரியாது.

நான் சோதனையில் பாஸ். சித்தப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். என்ன பாடம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் நடிக்கேல்லை என்று அதில போட்டிருக்கோ?" என்றார்.

போட்டிருக்கு, சித்தப்பா.

தோழமையுடன்.