கத்தி எத்தனை அங்குலம்?

பட்டப்பகல். ஆள் நடமாட்டமில்லாத தெரு. ஒருவன் வழி மறிக்கிறான். இடுப்பிலிருந்து கத்தியை உருவிக் காட்டுகிறான். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உயிர் தப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஆள் பிடிபடுகிறான், கத்தி அகப்படவில்லை. அவனுக்கு என்ன தண்டனை?

வெறும் கொள்ளை என்றால் 10 ஆண்டு வரை விதிக்கலாம். குற்றத்தின் தன்மையைப் பார்த்து இரண்டு ஆண்டோடும் விடலாம். ஆனால் கொள்ளையில் “கொடிய ஆயுதம்” பயன்படுத்தினான் என்று முடிவானால், 7 ஆண்டுக்குக் குறைத்துத் தண்டிக்கச் சட்டம் இடம் தராது. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 397-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 311-வது பிரிவு. எண்தான் மாறியது. கொடிய ஆயுதம் என்றால் எது என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை!

துப்பாக்கி, வீச்சரிவாள் என்றால் தகராறு இல்லை. தகராறெல்லாம் கத்தியில்தான். பென்சில் சீவுவதும் கத்தி. ஆடு அறுப்பதும் கத்தி. டெல்லி ஐகோர்ட்டிலேயே இருவிதமான தீர்ப்புகள் உண்டு. கத்தி கைப்பற்றப்படவில்லை, அதன் அளவு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே சாதாரணக் கொள்ளைதான் என்றது ஒரு தரப்பு. கத்தி கிடைக்காவிட்டாலும் சாட்சியம் போதும் என்றது மற்றொன்று.

சரி, குத்தாமல் காட்டினால் “பயன்படுத்தியது” ஆகுமா? ஆகும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. 1975-ல், டெல்லி பெட்ரோல் பங்குக் கொள்ளை வழக்கில் சொன்னது இது. பறிகொடுப்பவர் கண்ணில் பட்டு அவரை நடுங்க வைத்தாலே ஆயுதம் தன் வேலையைச் செய்துவிட்டது. நியாயமான பேச்சு. கூட வந்த கூட்டாளிகள்? ஆயுதம் எவன் கையில் இருந்ததோ அவனுக்கே அந்த 7 ஆண்டு என்று 2021 டிசம்பரில், மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், அதே கோர்ட்டு தெளிவுபடுத்தியது.

கழுத்தருகே கத்தி மின்னும்போது யாரும் அங்குலம் பார்ப்பதில்லை. அதற்காக, பேனாக் கத்தி வைத்திருந்தவனையும் 7 ஆண்டு உள்ளே தள்ளுவது எப்படிச் சரியாகும்? அகப்படாத கத்திக்குப் புகார் கொடுத்தவரின் வாய்மொழிதான் அளவுகோல். மடக்குக் கத்தியா, கசாப்புக் கத்தியா, முழ நீளமா, விரல் நீளமா என்று போலீசார் அன்றைக்கே விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். பல மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எப்படியும் அதைத்தான் கேட்கப்போகிறார்.