'அப்ரூவ்டு'னா என்ன அர்த்தம், பாஸ்?

சைட்டுக்கு ஒரு புதுப் பையன் வர்றான்னு வெச்சுக்குங்க. புத்தகம் பூரா மனப்பாடம். கேட்ட கேள்விக்கு ரெண்டே செகண்டுல பதில். ஆனா, மேஸ்திரியைத் தெரியாது, ஸ்டோர் ரூம் எங்கேன்னு தெரியாது. ஃபைல் மேல என்ன எழுதி ஒட்டியிருக்கோ, அதுதான் அவனுக்கு வேதவாக்கு. புரியலைன்னா பல நேரம் திருப்பிக் கேட்க மாட்டான்... தானா ஒரு அர்த்தம் பண்ணிக்குவான்!

அந்தப் பையன் பேருதான் ஏ.ஐ. ஏஜென்ட். ஃபைல் மேல ஒட்டுற அந்த லேபிளை யார், எப்படி எழுதறது? இதான் இந்த வாரம் நம்ம மேட்டர்.

கட்டுமான நிர்வாகத்துக்கென்றே தனி சாஃப்ட்வேர்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 2002-ல் ஆரம்பித்த புரோகோர் அதில் ஒன்று. ஒரு கட்டடம் எழும்போது நடக்கிற கேள்வி, பதில், சம்மதம் எல்லாம் இதில் பதிவாகும். 'டிராயிங்ல பீம் அளவு ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருக்கே, எது சார் சரி?' என்று காண்ட்ராக்டர் கேட்டால் அது ஆர்.எஃப்.ஐ. 'இந்த இரும்பை இப்படித்தான் இணைக்கப் போறோம், ஓகேவா?' என்று டிராயிங்கோடு அனுப்பினால் அது சப்மிட்டல்.

இந்த டேட்டாவை ஏஜென்ட் 'டூல்'கள் வழியாக எடுக்கிறது. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல். 2023 ஜூனில் ஓப்பன்ஏ.ஐ. தன் மாடல்களுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு முறையை வெளியிட்டது. எந்த முறையானாலும் சங்கதி ஒன்றுதான். டூலுக்குள் இருக்கும் கோடிங் ஏஜென்ட் கண்ணில் படாது. விளக்கத்தைப் படித்துத்தான் எதைக் கூப்பிடுவது என்று அது முடிவு பண்ணும்.

"அவ்ளோதானே! 'சப்மிட்டல்களைத் தரும்'னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது"ங்கிறீங்களா? அங்கேதான் வில்லங்கம். ஒரு தடவைக்கு 100 ரெக்கார்டுதான் வரும் என்று வைத்துக்கொள்வோம். அதை விளக்கத்தில் எழுதவில்லை. 'எத்தனை சப்மிட்டல் பாக்கி?' என்று கேட்டால், 'நூறு' என்று அடித்துச் சொல்லும். நிஜத்தில் 340 இருக்கும். அடுத்த பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாதே, பாவம்!

இது காமெடி. அடுத்தது காமெடி இல்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். லாபிக்கு மேலே அந்தரத்தில் தொங்கும் நடைபாதைகள். ரெண்டாவது மாடிப் பாதையையும் நாலாவது மாடிப் பாதையையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதுதான் முதல் டிசைன். வேலையின்போது அது ரெண்டு கம்பியாக மாறியது. கீழ்ப்பாதை மேல்பாதையிலிருந்தே தொங்கியது. மேல்பாதை இணைப்பில் சுமை இரட்டிப்பானது. மாறிய டிராயிங் இன்ஜினீயர்களிடம் போனது, ஸ்டாம்ப்போடு திரும்பியது. அந்த இணைப்பை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 1981 ஜூலை 17 மாலை, லாபியில் நடன நிகழ்ச்சி நடக்கும்போது இடிந்து விழுந்தது. 114 பேர் இறந்தார்கள். இணைப்பை டிசைன் செய்ய வேண்டியது யார் என்று பிறகு இரு தரப்பும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

அன்றைக்கு ஏ.ஐ.யும் இல்லை, டூலும் இல்லை. ஒரே ஒரு ஸ்டாம்ப். அதன் அர்த்தம் ஆளுக்கொன்று.

இன்றைக்கு அந்த ஸ்டாம்ப்தான் டேட்டாவில் 'ஸ்டேட்டஸ்: அப்ரூவ்டு' என்று உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே 'திருத்தங்களோடு அப்ரூவ்டு', 'திருத்தி மறுபடி அனுப்பு' என்ற அண்ணன் தம்பிகள். அமெரிக்க ஒப்பந்தங்களில் ஆர்கிடெக்டின் அப்ரூவல் என்றால் வழக்கமாக 'டிசைன் கருத்துக்குப் பொருந்துகிறது' என்பது மட்டுமே. அளவுகளுக்குக் காண்ட்ராக்டர்தான் பொறுப்பு. டூல் விளக்கம் இதைச் சொல்லாவிட்டால், 'எல்லாம் செக் பண்ணியாச்சு, ஆரம்பிக்கலாம்' என்று ஏஜென்ட் பச்சைக்கொடி காட்டிவிடும்!

உருப்படியான விளக்கம் எப்படி இருக்கும்? இதோ ஒரு சாம்பிள்: 'ஒரு புராஜெக்ட்டின் சப்மிட்டல்களைத் தரும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100. மீதிக்கு அடுத்த பக்க எண்ணைக் கொடுக்கவும். அப்ரூவ்டு என்றால் டிசைன் கருத்துக்கு ஒப்புதல் மட்டும். பலத்தைச் சோதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேதி: வருடம், மாதம், நாள் வரிசையில். நீளம்: மில்லிமீட்டரில். ஸ்டேட்டஸை மாற்ற இந்த டூல் உதவாது.'

கடைசி வரியைக் கவனிச்சீங்களா? படிக்கிற டூல் வேறு, மாற்றுகிற டூல் வேறு. மாற்றுவதாக இருந்தால், 'மனிதரிடம் சம்மதம் கேட்ட பிறகே' என்று எழுதணும். எழுதினால் மட்டும் போதாது, சம்மதம் இல்லாமல் நகராதபடி சாஃப்ட்வேரிலும் பூட்டுப் போடணும். லேபிள் என்பது எச்சரிக்கைதான், கதவு இல்லை!

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, மில்லிமீட்டர் விஷயத்தைப் பிடிச்சிடுவீங்க. 'அப்ரூவ்டு' விஷயம்? அதுக்கு சைட்ல நின்ன சிவில்காரன் வேணும். ஆனா அவனுக்கோ எழுதறதுன்னாலே அலர்ஜி. ரெண்டு பேரும் ஒரே கேன்டீன்லதானே டீ குடிக்கிறீங்க? ஒரு பேப்பர் எடுங்க. உங்க லேப் ரிஜிஸ்டரோட ஒவ்வொரு காலத்துக்கும் நாலு வரி விளக்கம் எழுதுங்க. அந்த லேபுக்குள்ள காலே வைக்காத ஒரு ஃப்ரெண்டுகிட்ட கொடுத்து, பத்து கேள்வி கேளுங்க. அவன் தப்பாச் சொல்ற ஒவ்வொரு பதிலும், நீங்க எழுதாம விட்ட ஒரு வரி.

அவனைத் திட்டாதீங்க. வரியைச் சேருங்க!