மருந்துக்கே மருந்தடிக்கலாமா?



வங்கியில் 34 வருசம் இருந்தேன். பயிர்க்கடன் கணக்கில் உரம், மருந்து என்று ஒரு செலவு வரும்; களைக்கொல்லியும் அதில் அடக்கம். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். ஓய்வுபெற்று காரைக்குடிப் பக்கம் பூர்வீக நிலத்தில் இறங்கிய முதல் வருசம், நானும் கோரைக்குக் களைக்கொல்லி அடித்தேன். மேலே கருகியது. அடுத்த மழைக்கு முன்னைவிடச் செழிப்பாக வந்து நின்றது. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறு வருசம் வெட்டிப் போட்ட கிழங்கை எங்க ஆத்தா மோந்து பார்த்துட்டுச் சொன்னாக: "ஏப்பா, இது முத்தக்காசுல்ல. சின்னப் பிள்ளையில உனக்கு வயித்தால போனப்ப இதைத்தான் தட்டிப் போட்டுக் கசாயம் வச்சேன். உங்க ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போயிட்டு வர்றப்ப, சீனன் கடையில வயித்துவலிக்கு உருண்டை வாங்கியாருவாக."

அதைக் கேட்டபிறகுதான் சீன வைத்தியத்தில் வயிற்றுவலிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். 'லியாங்ஃபூ' என்று ஒரு பழைய உருண்டை. இரண்டே சரக்கு: ஒன்று அரத்தை, இன்னொன்று நம்ம கோரைக்கிழங்கு. அரத்தையை மதுவிலும் கோரையைப் புளிக்காடியிலும் கழுவிக் காயவைத்துப் பொடித்து, அரிசிக்கஞ்சி, இஞ்சிச்சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து உருட்டுகிறார்கள். குளிர்ச்சியால் வந்த வலிக்கு அரத்தை இரண்டு பங்கு, கோரை ஒரு பங்கு. கோபத்தால் வந்த வலி என்றால் கோரை இரண்டு பங்கு, அரத்தை ஒரு பங்கு. வங்கி நோட்டீஸ் வந்த விவசாயிக்குக் கோரைதான் கூடுதலாகத் தேவைப்படும்!

சீனாவில் காசு கொடுத்து வாங்கும் சரக்கை நாம் காசு கொடுத்துக் கொல்கிறோம். இங்கேயும் ஆயுர்வேதக் கடையில் குழந்தைகளின் செரிமானக் கோளாறுக்கு விற்கும் முஸ்தாரிஷ்டத்தில் முதல் சரக்கு இதே கோரைக்கிழங்குதான். வயிற்றுக்குத் தருவதும் மருந்து, வயலில் அடிப்பதும் மருந்து என்று ஒரே பேரில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டாவதை இனி விஷம் என்றே சொல்லுவோம்.

இதில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. கிளைபோசேட் இலையில் பட்டால் இலையோடு நிற்காது, கிழங்குவரை இறங்கும். அடித்த வயலில் தோண்டிய கிழங்கு நாட்டுமருந்துக் கடைக்குப் போனால், கசாயத்தில் என்ன கலந்திருக்கும்? பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே கிளைபோசேட் தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் நம்ம ஊர் வரப்பில் யார் உரிமத்தைப் பார்க்கிறார்கள்?

கோரை வயலை மூடிக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. அது விளைச்சலைத் தின்னும். ஆனால் அதற்கு வெயிலும் நிழலும்தான் எதிரி. கோடையில் ஆழ உழுது கிழங்கைப் புரட்டி வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தில் உழுதால் துண்டுபட்டு ஒவ்வொன்றும் முளைக்கும். மழை விழுந்ததும் சணப்போ தக்கைப்பூண்டோ நெருக்கி விதையுங்கள். நிழல் விழுந்த இடத்தில் கோரை நோஞ்சானாகிவிடும். மூன்று வருசமாக இதைத்தான் செய்கிறேன். முற்றிலும் ஒழியவில்லை, ஆனால் களைக்கூலி பாதியாகக் குறைந்தது.

எல்லா வயிற்றுவலிக்கும் கோரை போதும் என்று யாரும் எண்ண வேண்டாம். வலி விடாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். மாரடைப்பும் சில சமயம் வயிற்றுவலி போலத்தான் வரும். கசாயம் குடிப்பதாக இருந்தாலும் சித்த வைத்தியரைக் கேட்டுவிட்டே குடியுங்கள்.

நம்ம இயக்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. விஷம் அடிக்காத வயல்களின் கோரைக்கிழங்கைக் குழுவாகச் சேர்த்து, காயவைத்து, எந்த வயல் என்று எழுதி நாட்டுமருந்துக் கடைகளுக்குக் கொடுப்போம். பயிர்க்கடனில் களைக்கொல்லிக்கு ஒதுக்கும் பணத்தைக் கோடை உழவுக்கும் பசுந்தாள் விதைக்கும் ஒதுக்கச் சொல்லி வங்கிகளைக் கேட்போம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். மனு எழுத நான் தயார்.